செல்வியின் முழங்கை

வீசுகிறவர்களின் கை மற்றவர்களின் கையைப் போல இருப்பதில்லை. சின்ன வயதிலிருந்து பந்தோ ஈட்டியோ எறிந்து பழகிய ஒருவரை மல்லாந்து படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி, முன்கையை மெல்லத் தலைப்பக்கம் சாய்த்துப் பாருங்கள். எறிகிற கை மற்றக் கையைவிட நன்றாகவே பின்னால் போகும். முதல் தடவை இதைப் பார்த்தபோது அளப்பதில் நான்தான் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை அளந்தேன். தப்பு இல்லை. ஆயிரக்கணக்கான வீச்சுகள் அந்தத் தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வைத்திருந்தன.

இதையெல்லாம் எழுதவைத்தவள் ஷாலினி. டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். போன மாதம் போன் செய்தாள்.

"மேடம், பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட் கோச்சிங் போய் முழங்கையைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். வரும்போதே கையில் ஸ்கேன். உங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா?"

"உண்டு. ஸ்கேன்தான் கிடையாது" என்றேன்.

"அப்படியானால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதித் தாருங்கள். இங்கே புதிதாக வந்திருக்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்."

தமிழில் எழுதப்போகிறேன் என்றதும் என் மகள் சிரித்தாள். டெல்லியில் பிறந்தவள்; தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "யாரும்மா இதைப் படிப்பா? ஷாலினி ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாதே" என்றாள். ஷாலினிக்கு நானே உட்கார்ந்து ஹிந்தியில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு யோசனை ஓடுவது தமிழில். நான் சொல்லப்போகிற செல்வி என்னோடு சண்டை போட்டதும் தமிழில்தான்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். டாக்டர் படிப்புக்கு மார்க் போதவில்லை. பிசியோதெரபி என்று ஒன்று இருக்கிறது என்று விண்ணப்பப் பாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எழுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தபோது நோயாளிகளுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. சிலர் "சிஸ்டர்" என்பார்கள், சிலர் அக்கா என்கிற பொருளில் "தீதி" என்பார்கள். ஒரு சர்தார்ஜி தாத்தா மட்டும் வராந்தா முழுக்கக் கேட்கும்படி "மாலிஷ்வாலி மேடம் எங்கே?" என்று விசாரித்துக்கொண்டு வருவார். மாலிஷ் என்றால் உடம்பு பிடித்துவிடுவது. முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் குரல் கேட்டாலே நான் அவர் மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுக்கிற மெழுகை உருக்க ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் பிரிவு தரைத்தளத்தில் ஒரு நீண்ட அறை. ஆறு கட்டில்கள், மெழுகு உருக்கும் தொட்டி, சூடு கொடுக்கும் இரண்டு இயந்திரங்கள். அவற்றில் ஒன்று எப்போதும் பழுதாகியிருக்கும். சுவரில் தோள் பயிற்சிக்கான பெரிய மரச் சக்கரம். வெயில் காலத்தில் ஐஸ் வேண்டுமென்றால் வாசலில் ஷிகஞ்சி என்கிற எலுமிச்சைச் சாறு விற்கிறவரிடம் வாங்கி வருவோம். அவர் தன் பாளத்திலிருந்து ஒரு துண்டை உடைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுப்பார்.

எலும்பு மருத்துவப் பிரிவின் தலைவர் டாக்டர் சச்தேவா. ஆறடிக்கு மேல் உயரம். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும். எங்கே வலிக்கிறது என்று அவர் நோயாளியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் அறைக் கதவு கொஞ்சம் இறுக்கமானது. நோயாளி எந்தக் கையால் அதைத் தள்ளுகிறார் என்று உள்ளேயிருந்து கவனிப்பார். "ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்" என்பார். கழற்றுவதைப் பார்ப்பார். தோள் வலிக்காரர் நல்ல கையை முதலில் உருவுவார். "அலமாரி மேலிருந்து அந்த ஃபைலை எடுத்துத் தர முடியுமா?" என்பார். அந்த ஃபைலில் எதுவும் கிடையாது, வெறும் அட்டை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் தொடுவார். சீட்டில் முதலில் பென்சிலால் எழுதுவார். சந்தேகம் தீர்ந்த பிறகு அதன்மேல் மை. பென்சில் எழுத்தோடு ஒரு சீட்டு எங்களிடம் வந்தால், அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விளையாட்டுக்காரர்கள் விஷயத்தில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வலிக்கிற இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவார். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். ஊசி போட்ட நான்காம் நாள் வலி காணாமல் போகும். விளையாட்டுக்காரன் கும்பிட்டுவிட்டு ஓடுவான். வலி போய்விடுமே தவிர, நைந்த இடம் நைந்தபடியேதான் இருக்கும்.

நான் சேர்ந்த மூன்றாவது வருடமோ நான்காவது வருடமோ, விக்ரம் என்று ஒருவன் வந்தான். இருபத்தோரு வயது. ஒரு வங்கியின் கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீச்சாளன். வேலையே அதற்காகத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரே சீசனில் தோளில் மூன்று ஊசி. மூன்றாவதுக்குப் பிறகு ஒரு மேட்சில், ஓடி வந்து பந்தை விட்ட நிமிஷத்தில், தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி சத்தம் கேட்டதாம். அதற்கப்புறம் தலை சீவக்கூடக் கை மேலே போகவில்லை. ஆறு மாதம் என்னிடம் வந்தான். மரச் சக்கரத்தைச் சுற்றுவான், சுவரில் விரல்களால் ஏறுவான். தலை சீவுகிற அளவுக்குக் கை வந்தது. பந்து வீச வரவில்லை. வங்கியில் கவுண்டரில் உட்காரவைத்தார்கள்.

ஒருநாள் பயிற்சி செய்துகொண்டே சொன்னான். "தீதி, எல்லோரும் எத்தனை விக்கெட் என்று கேட்டார்கள். எத்தனை பந்து வீசினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை."

அந்த ஆறு மாதமும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் டாக்டர் சச்தேவா எங்கள் அறை வாசல் வரை வருவார். விக்ரம் சக்கரம் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். போய்விடுவார். அந்த ஊசிகளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு கைவலியோடு எந்த விளையாட்டுக்காரர் வந்தாலும் என் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை?" என்பதாக மாறிவிட்டது.

செல்வி வந்தது ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக டெல்லி முழுக்கத் தோண்டிக் கிடந்த சமயம். குளிர்காலத் தொடக்கம். பத்தொன்பது வயது, ஒல்லியான பெண், ஆண்பிள்ளை ஸ்வெட்டர். சீட்டில் டாக்டரின் பென்சில் எழுத்து: முழங்கை உள்பக்க வலி, சூடு கொடுக்கவும், அடுத்த வாரம் ஊசி.

பெயரைப் பார்த்துவிட்டு, "தமிழா?" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா மேடம். கள்ளக்குறிச்சி பக்கம். நான் பொறந்து வளந்ததெல்லாம் இங்கதான்."

அப்பாவும் அம்மாவும் கட்டட வேலை. மேம்பாலம் கட்டுகிற இடத்தில் அப்பா கம்பி கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் இருந்தது தென் டெல்லியில் ஒரு ஜுக்கியில், குடிசைப் பகுதியில். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் நாவல் மரங்கள். உச்சிக் கிளையில் இருக்கும் பழக்கொத்தை ஒரே கல்லில் செல்வி அடித்து விழவைப்பதைப் பார்த்த விளையாட்டு டீச்சர், கையில் ஈட்டியைக் கொடுத்திருக்கிறார். மூன்று வருடத்தில் டெல்லி அளவில் பரிசு. அதைப் பார்த்து ஓர் அரசு நிறுவனம் விளையாட்டு ஒதுக்கீட்டில் தற்காலிகமாக வேலை கொடுத்திருந்தது. இரண்டு வருடம் ஒழுங்காக விளையாடினால் நிரந்தரம். இரண்டாவது வருடம் முடியப்போகிறது. மூன்று மாதத்தில், பிப்ரவரியில், துறைகளுக்கு இடையிலான போட்டி.

"ஒரு நாளைக்கு எத்தனை எறிவே?"

"எண்ணினதில்ல மேடம். கோச் 'பஸ், போதும்'னு சொல்ற வரைக்கும்."

"அவர் எப்போ சொல்வார்?"

"இருட்டினா சொல்வாரு."

அது போக, காலையில் தண்ணீர் லாரியிலிருந்து இரண்டு வாளி தூக்கி வருவது, துணி பிழிவது. பிழியும்போதுதான் அதிகம் வலிக்கிறது என்றாள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சில சமயம் மரத்துப்போகிறதாம். விரல் மரத்தால் முழங்கையின் உள்பக்க நரம்பும் இழுபடுகிறது என்று அர்த்தம்; அதைக் கேட்டதும் சூடு கொடுக்கிற இயந்திரத்தை அணைத்துவிட்டேன்.

இளையவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். முழங்கையின் உள்பக்கத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் கட்டிவைத்திருக்கிற ஒரு நார் உண்டு. சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. எறிகிறவர் கை பின்னால் போய் முன்னால் பாய்கிற கணத்தில் முழங்கை உள்பக்கமாகப் பிளந்துகொள்ளப் பார்க்கும். அதைப் பிளக்க விடாமல் பிடிப்பது அந்த நார்தான். அதைச் சோதிக்க முழங்கையைக் கொஞ்சமாக மடக்க வேண்டும். நேராக நீட்டினால் எலும்போடு எலும்பு பூட்டிக்கொண்டு உண்மையை மறைத்துவிடும். மேல்கையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் முன்கையை வெளிப்பக்கமாக மெல்லத் தள்ள வேண்டும். தள்ளும்போது கட்டை விரல் உள்பக்க மூட்டுக் கோட்டின்மேல் இருக்க வேண்டும். முதலில் வலிக்காத கை, அப்புறம் வலிக்கிற கை.

செல்வியின் இடது கையில் தள்ளினேன். சட்டென்று நின்றது. வலது கையில் தள்ளினேன். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனது. என் கட்டை விரலுக்கடியில் ஒரு சின்னப் பள்ளம் திறந்து மூடியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எலும்பு உடைந்திருந்தால்தானே எக்ஸ்ரே சொல்லும்.

நாங்கள் கொடுத்த சிகிச்சையை மட்டும்தான் சீட்டில் எழுதுவோம். கருத்து எழுதுவது எங்கள் வேலை இல்லை. நான் பேனாவை எடுத்து, டாக்டரின் பென்சில் எழுத்துக்குக் கீழே எழுதினேன்: உள்பக்க நார் பாதி கிழிந்திருக்கிறது. ஊசி போடக் கூடாது. மூன்று மாதம் எறியக் கூடாது.

செல்வியையும் கூட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

டாக்டர் சீட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "நீங்களா எழுதினீர்கள், வசந்தாஜி?"

"ஆமாம் சார்."

"பேனாவால்."

"ஆமாம் சார்."

எழுந்து வந்து செல்வியின் முழங்கையைப் பிடித்தார். இடது, பிறகு வலது. வலது கையை இரண்டாம் முறை சோதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெளிநாட்டு மருத்துவ இதழை எடுத்துப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். அமெரிக்காவில் பேஸ்பால் பந்து வீசுகிறவர்களுக்கு இதே நார் கிழிகிறது. மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில் புதிதாகப் பின்னிவிடுகிறார்கள் என்று படங்களோடு போட்டிருந்தது. செல்வியிடம் கட்டை விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கச் சொன்னார். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்து நின்றது. அதுதான் அந்தத் தசைநார்; எல்லோருக்கும் அது இருப்பதில்லை.

"இவளுக்கு இருக்கிறது" என்றார். அந்தக் கயிற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு இதழை மூடினார்.

"நான் இதைச் செய்ததில்லை. இங்கே யாரும் செய்து பார்த்ததும் இல்லை. நார் முழுசாகப் போகவில்லை. காத்திருக்கலாம்."

ரப்பரை எடுத்து, 'ஊசி' என்ற தன் பென்சில் எழுத்தை அழித்தார். நான் எழுதியதற்குக் கீழே மையால் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. வராந்தாவுக்கு வரும்வரைதான்.

"மேடம், மூணு மாசம் எறியலன்னா என் வேலை போயிடும். உங்களுக்குத் தெரியுமா?" செல்வி அழவில்லை. குரல் தாழ்ந்துதான் இருந்தது. "எங்க ஊட்டுல ஆபீஸ்ல நாற்காலில ஒக்காந்து வேல பாக்கற மொத ஆளு நான். எங்கம்மா தலைல ஜல்லி சொமக்குது. ஊசி போட்டா நாலு நாள்ல சரியாவும்னு கோச் சொன்னாரு. நீங்க எழுதினதால இப்ப டாக்டரும் போட மாட்டேங்கறாரு."

விக்ரமைப் பற்றிச் சொன்னேன். கேட்டாள். "அவரு இப்ப பேங்க்லதான இருக்காரு?" என்றாள். "அவரு பர்மனென்ட் ஆனப்புறம்தான கிழிஞ்சுது?"

ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். என் கணவரும் மத்திய அரசு ஊழியர்தான்; ஒரு அமைச்சகத்தில் உத்தரவுகளுக்கு வரைவு எழுதுகிற வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கை விஷயத்துல நீ எழுதினது சரியா இருக்கலாம். அந்தப் பொண்ணு வேலைக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அன்றைக்கு அந்தக் கேள்விக்காக அவர்மேல் கோபம் வந்தது.

ஒரு வாரம் செல்வி வரவில்லை. வெளியே எங்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். எட்டாம் நாள் அவளுடைய அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் சும்மாடு வைத்த தடம். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"டாக்டரம்மா, இது சொல்றது எனக்குப் புரியல. நீங்க சொல்லுங்க. ஊசி போட்டு எறிஞ்சா கை என்னாவும்?"

"இப்போதைக்கு எறிவா. அப்புறம் ஒருநாள் முழுசா கிழிஞ்சுடலாம். கிழியாமலும் போகலாம்மா. எனக்கு நிச்சயமாத் தெரியாது."

"கிழிஞ்சா?"

"எறிய முடியாது. வாளி தூக்கறது, துணி பிழியறதுகூடக் கஷ்டம்."

அந்த அம்மா மகளுடைய முழங்கையைத் தடவிப் பார்த்தார். "வேல போனா வேற வேல தேடலாம். கை போனா எந்த வேலைக்கின்னு போறது? இவங்க சொல்றபடி கேளு" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆனா நீங்களும் ஏதாச்சும் வழி பாருங்கம்மா" என்றார்.

அன்றிலிருந்து செல்வி வந்தாள். முதல் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. கைக்கு ஓய்வு; வாளி தூக்குவதைத் தம்பியிடம் ஒப்படைத்தாயிற்று. தினமும் ஐஸ். வலி குறைந்ததும் ஒரு டப்பா நிறைய அரிசியைக் கொட்டி அதற்குள் விரல்களை விட்டு விரித்து மூடச் சொன்னேன். முன்கைச் சதை பலமானால் நாரின் பாரத்தில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். கால், இடுப்பு, வயிற்றுக்குப் பயிற்சி. எறிகிற சக்தி காலிலிருந்து வர வேண்டும். செல்வி எல்லாவற்றையும் கையாலேயே செய்துகொண்டிருந்தாள்.

சும்மா இருக்க முடியாத பெண். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மொட்டைச் சுவர் இருந்தது. ஒருநாள் டொக் டொக் என்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். டென்னிஸ் பந்தை இடது கையால் சுவரில் எறிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இந்தக் கைய நீங்க எதுவும் சொல்லலியே" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஜனவரியில் அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு போய் இவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் வழக்கப்படி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"'பணி நிரந்தரம் பெற, நிறுவனத்தின் சார்பில் போட்டியில் பங்கேற்றிருக்க வேண்டும்'. அவ்வளவுதான் இருக்கு. ஜெயிக்கணும்னு இல்லை. இத்தனை மீட்டர்னும் இல்லை. எழுதினவன் அசட்டையா எழுதியிருக்கான்."

"அதனால என்ன?"

"அவ போய் நின்னு மூணு தடவை எறிஞ்சாப் போதும். எவ்வளவு மெதுவா எறிஞ்சாலும் சரி."

மெதுவாக எறிவது என்பது செல்விக்கு வராது. மைதானத்தில் போய் நின்றால் முழு பலத்தோடு எறிந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவளிடம் கடிதத்தின் அர்த்தத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அரிசி டப்பாவில் கையை விட்டபடி யோசித்தாள்.

"அக்கா" என்றாள். அதுவரை மேடம்தான். "எந்தக் கையால எறியணும்னு போட்டிருக்கா?"

இருவரும் டாக்டர் சச்தேவாவிடம் போனோம். போட்டிக்கு மருத்துவச் சான்றிதழ் தேவை. அவர்தான் தர வேண்டும். நான் விஷயத்தைச் சொல்லும்வரை ஸ்டீல் டம்ளரில் வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு செல்வியின் இடது தோள், இடது முழங்கை, இடது மணிக்கட்டு மூன்றையும் ஒழுங்காகச் சோதித்தார். பென்சிலைத் தொடவில்லை. நேராக மையால் எழுதினார்: இவரது இடது கை போட்டியில் பங்கேற்கத் தகுதியானது. வலது கை என் சிகிச்சையில் உள்ளது. அதைப் பயன்படுத்த அனுமதி இல்லை.

"கால் எட்டு வைக்கிற கணக்கு மாறும். பழகிக்கொள்" என்றார்.

மூன்று வாரம் பழகினாள். கோச் முதலில் கத்தினார். அப்புறம் அவருக்கே சுவாரசியம் வந்து, அவளோடு சேர்ந்து காலடிகளை எண்ணினார்.

போட்டியன்று அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பனி விலகாத காலை. நாற்பது பேர்தான் பார்க்க வந்திருப்பார்கள். செல்வி இடது கையில் ஈட்டியோடு வந்து நின்றதும் பக்கத்தில் யாரோ, "அரே, இந்தப் பெண் வலது கைக்காரியாச்சே" என்றார்கள். ஓடி வந்து எறிந்தாள். ஈட்டி தட்டையாக விழுந்து சறுக்கியது. சிவப்புக் கொடி. சிலர் சிரித்தார்கள். இரண்டாவது, எல்லைக் கோட்டுக்கு வெளியே கோணலாகப் போனது. மறுபடியும் சிவப்புக் கொடி. இப்போது நிறையப் பேர் சிரித்தார்கள். மூன்றுமே செல்லாமல் போனால் அதைப் பங்கேற்றதாக எடுத்துக்கொள்வார்களா என்று இவரிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாவதுக்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். வேகமாக ஓடி வரவில்லை. நாலு எட்டு வைத்து, இடுப்பைத் திருப்பி, எறிந்தாள். ஈட்டியின் முனை மண்ணில் குத்தி நின்றது. வெள்ளைக் கொடி. நாடாவைப் பிடித்து அளந்தார்கள். அவள் வழக்கமாக எறிகிற தூரத்தில் பாதிகூட இல்லை. ஒன்பது பேரில் ஒன்பதாவது.

அந்த நிறுவனத்தின் விளையாட்டு அதிகாரி சௌத்ரி என்பவர் வேகமாக வந்தார். பழைய மல்யுத்த வீரர், மடங்கி வீங்கிய காதுகள். "இது என்ன தமாஷா? எங்கள் நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கவா வந்தாய்?" என்று ஹிந்தியில் சத்தம் போட்டார். செல்வி சான்றிதழை நீட்டினாள். படித்தார். என்னைப் பார்த்து, நான் யாரென்று கேட்டார். சொன்னேன்.

"வலது கையில் அப்படி என்ன?"

சொன்னேன். அவர் தன் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அந்தத் தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"டீக் ஹை, சரி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இப்படி ஒரு காகிதத்தை யாரும் எழுதித் தரவில்லை." பங்கேற்புப் பட்டியலை வாங்கி, செல்வியின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். ஏப்ரலில் வேலை நிரந்தரமாயிற்று. அவளுடைய அம்மா ஒரு கிலோ லட்டோடு மருத்துவமனைக்கு வந்தார். மாலிஷ்வாலி மேடம் என்று என்னைக் கூப்பிடுகிற சர்தார்ஜி மட்டும் அதில் நாலு சாப்பிட்டார்.

வலது கை சரியாவதற்கு அந்த வருடம் முழுக்கப் பிடித்தது. முதலில் முழங்காலிட்டு உட்கார்ந்து டென்னிஸ் பந்து, இருபது எறிதான். ஒருநாள் விட்டு ஒருநாள். வலியில்லை என்றால் அடுத்த வாரம் இருபத்தைந்து. எறிக்கு ஒன்றாகச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே எறிவாள். அன்றைய கணக்குக்குக் கோடுகள் வந்ததும் நிறுத்த வேண்டும். ஒருமுறை ஆசைப்பட்டு நாற்பது எறிந்துவிட்டு, விரல் மரத்துப்போய் என்னிடம் வந்து திட்டு வாங்கினாள். மறுபடி இருபதிலிருந்து. அடுத்த குளிர்காலத்தில் வலது கையால் ஈட்டி எறிந்தாள். பழைய தூரத்துக்குப் பக்கத்தில் வந்தது. அதற்கடுத்த வருடம் ஒரே ஒரு முறை அதைத் தாண்டினாள். நாலு வருடம் விளையாடினாள். பெரிய பதக்கம் எதுவும் வாங்கவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் குறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் சச்தேவா அதன்பிறகும் ஊசி போட்டார். ஆனால் விளையாட்டுக்காரர்களின் சீட்டுகள் முதலில் என்னிடம் வரும். பென்சில் எழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருப்பார். அது எனக்கான இடம் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது. எனக்கு அந்த வேலையில் கிடைத்தவற்றில் பிடித்தது எது என்று கேட்டால், அந்த இரண்டு வரி இடத்தைத்தான் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் மயூர் விஹாரில் சொசைட்டி ஃப்ளாட்டுக்குக் குடிபோன சமயம், ஒருநாள் பகலில் செல்வி மருத்துவமனைக்கு வந்தாள். ஆபீஸ் உடுப்பு, கைப்பை, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மாலை நேரங்களில் பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஈட்டி எறியக் கற்றுக்கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தியைக் கூட்டி வந்திருந்தாள். பதினைந்து வயது இருக்கும்.

நான் பதிவேட்டைத் திறந்து பெயர், வயது எழுதிக்கொண்டேன். அடுத்தது, என்ன உபாதை என்று எழுத வேண்டிய கட்டம்.

"எங்கே வலிக்குது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் விழித்தாள்.

செல்விதான் பதில் சொன்னாள். "வலி எதுவும் இல்லக்கா. நல்லா எறியறா. இப்பவே ரெண்டு கையையும் ஒருவாட்டி பாத்து வெச்சுடுங்க. வலிக்க ஆரம்பிச்சப்புறம் எதுக்கு வரணும்?"

பெண்ணைப் படுக்கவைத்து இடது, வலது இரண்டையும் சோதித்தேன். இரண்டு முழங்கையும் சட்டென்று நின்றன. திரும்பி வந்து அந்தக் கட்டத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். என் முப்பத்து நான்கு வருட வேலையில் அந்த வார்த்தைகளை அங்கே எழுதியது அந்த ஒரு முறைதான்.